மொர்வாலின் வயலினும் வதனி அக்காவின் சனிக்கிழமைகளும்

ஒரு வயலினைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்காக மட்டும் மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்குப் போனேன். வாங்குவதற்கு அல்ல. வாங்க வழியில்லை என்று தெரிந்துதான் போனேன். கடந்த நவம்பரில், வியாழனும் வெள்ளியும் லீவு எடுத்து. வீட்டில் கிடக்கும் பழைய வயலினை ரொறன்ரோவில் யாரிடமாவது காட்டி விலை கேட்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம். எங்கே ஏறி எங்கே இறங்குவது, எவ்வளவு காசு முடியும் என்பதை இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன். மற்றவர்கள் கதைக்காக வாசிக்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் மாலினி. பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் வகுப்பு. நான் வாசிப்பது தொழிற்சாலையில் செய்த வயலின். அதைக் குறை சொல்ல மாட்டேன், இருபது வருடம் உழைத்திருக்கிறது. ஆனால் கீழ்ச்சுருதிக்கு இறங்கும்போது அதற்குத் தொண்டை கட்டிவிடும்.

ஒக்டோபரில் ஒருநாள் ரொறன்ரோவில் இருந்து கணேஸ் அண்ணை தொலைபேசியில் வந்தார். மிருதங்கக்காரர், பல கச்சேரிகளில் எனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தவர். "பிள்ளை, ரூஜில ஒரு வீட்டில பழைய பிரெஞ்சு வயலின் ஒண்டு கிடக்கு. உள்ளுக்க ஏதோ பேர் ஒட்டியிருக்கு. உனக்கு விளங்கும், பார்" என்று ஒரு படம் அனுப்பினார். வயலினின் வயிற்றில் இருக்கும் துளைக்குள்ளால் எடுத்த படம். மங்கலான சிறு காகிதத்தில், எத்தியென் மொர்வால், பாரிஸ்.

அன்றிரவு எனக்குச் சமையலில் மனம் நிற்கவில்லை.

மொர்வாலை வயலின்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. கிழக்குப் பிரான்சில் மிரேகூர் என்று ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் அங்கே தெருத்தெருவாக வயலின் செய்தார்கள். அங்கே சின்ன வயதில் தொழில் பழகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிசுக்குப் போய்ப் பட்டறை போட்டவர் மொர்வால். பழைய இத்தாலிய வயலின்களைத் திறந்து, அளந்து, அந்த உருவத்தைத் தன் கையால் திரும்பச் செய்தார். அவருடைய மெருகு செம்மண்ணில் தேன் ஊற்றியதுபோல இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதில் ஒரு சிக்கலும் உண்டு. அவர் கையால் செய்தவை கொஞ்சம், அவர் பட்டறையில் மற்றவர்கள் செய்தவை நிறைய. எல்லாவற்றிலும் அதே காகிதத்தைத்தான் ஒட்டினார்கள். பட்டறை வயலின் என்றால் இன்று ஐயாயிரம், ஆறாயிரம் டொலர். அவரே செய்தது, பழுதில்லாதது என்றால் அறுபதாயிரத்துக்கு மேல். காகிதத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பட்டறை வயலின் எனக்குத் தேவையில்லை, அவர் கையால் செய்ததை வாங்க எனக்கு வழியில்லை.

மொன்றியலில் இருந்து ரொறன்ரோ ஏறக்குறைய ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ரயிலில் ஐந்தரை மணித்தியாலம். மூன்று வாரம் முன்பே பதிந்ததால் எழுபத்துநான்கு டொலருடன் முடிந்தது. போகும்போது இடப்பக்க யன்னல் எடுங்கள், கிங்ஸ்ரன் தாண்டியபின் அங்கங்கே ஏரி வரும். ஸ்காபரோ, பிக்கரிங் பக்கம் போகிறவர்கள் நகரின் நடுவுக்குப் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. சில ரயில்கள் கில்ட்வுட்டில் நிற்கும். எல்லாம் நிற்காது, பார்த்து எடுக்க வேண்டும்.

கில்ட்வுட் மேடையில் வயலினுக்குச் சொந்தக்காரர் வதனி அக்கா நின்றார். ஐம்பது வயதிருக்கும். முதியோர் இல்லத்துச் சீருடைக்கு மேல் குளிர் அங்கி, கையில் கார்ச் சாவி. "ரீச்சர்தானே? வயலின் கொண்டு வருவியள் எண்டு நினைச்சன், வெறுங்கையோட வாறியள்" என்று சிரித்தார். உங்கள் வயலினைப் பார்க்க வந்தவள் என்னுடையதை ஏன் சுமக்க வேண்டும் என்றேன்.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ரூஜில் அவர்களுடையது புது வரிசை வீடு. சுவருக்குச் சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள், முன்னால் இன்னும் பெரிதாகாத மேப்பிள் கன்றுகள். தேநீர் குடித்து முடிக்கவும் விடாமல் மேலே கூட்டிப் போனார். கட்டிலில் பெட்டி தயாராக இருந்தது. திறந்தார்.

நான் சொல்வதை நம்புவீர்களோ தெரியாது. ஒரு நிமிடம் அந்த அறையில் வெயில் வந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே நவம்பர் மாதத்து மூன்றரை மணி, மழை மூட்டம். வெளிச்சம் வயலினில் இருந்துதான். பின்பலகையின் மரவரிகள், நான் அசைய அசைய, நீருக்கடியில் இருப்பவைபோல அசைந்தன. தந்திகளில் ஒன்று அறுந்திருந்தது. தந்தியைத் தாங்கும் பாலம் சாய்ந்து கிடந்தது. தூக்கியதும் உள்ளே ஒரு சிறிய குச்சி உருண்டது.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்" என்றார் அக்கா.

"ஏலாது அக்கா. உள்ளுக்க நிக்கவேண்டிய சின்னத் தூண் விழுந்துபோச்சு. அதில்லாமல் தந்தியை முறுக்கினால் மேல்பலகை அமுங்கிப்போகும்."

"அப்ப இதின்ர சத்தம் எப்பிடி எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

வயலின் அவரிடம் வந்த கதையை அப்போது சொன்னார். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறு வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்க்கும் வேலை. ஸ்காபரோவின் பாறைக்கரைப் பக்கம், மதாம் லூசி என்ற பிரெஞ்சு மூதாட்டியை ஆறு வருடம் அப்படிப் பார்த்தார். மதாமின் விரல்கள் வாதத்தில் மடங்கிப் போனவை. வாசிக்க முடியாது. வயலினை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்ப்பாராம். போன வருடம் அவர் தவறியபின் மகன் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். "அம்மா எங்கள் எல்லாருக்கும் முன்னால சொன்னவ, இது வதனிக்கு எண்டு. எங்களில ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. வித்தாலும் பரவாயில்லை" என்றாராம்.

"நான் விக்கத்தான் போறன், ரீச்சர். உங்களுக்கு ஒளிக்கேல்லை. நாளைக்கு நீங்கள் பக்கத்தில நிண்டால் என்னை ஏமாத்தமாட்டினம்."

இதைப் பற்றி முன்பே பேசியிருந்தோம். பிரெஞ்சு வயலின்களை நன்றாக அறிந்த ஒருவர் ரொறன்ரோ நகரின் நடுவில் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நானே தொலைபேசியில் பேசி நேரம் வாங்கியிருந்தேன். கடையைத் தேர்ந்தது நான். இதை இங்கே எழுதிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வெள்ளிக்கிழமை அக்காவும் லீவு எடுத்திருந்தார். காலையில் அவருடைய கணவர் மனோகரன் அண்ணை வேலைக்குப் போகும் வழியில் எங்களை ரூஜ் ஹில் நிலையத்தில் இறக்கிவிட்டார். யூனியன் நிலையத்துக்கு முக்கால் மணித்தியாலம், எட்டு டொலருக்குக் கொஞ்சம் குறைவு. ரயிலுக்குத் தட்டிய பயண அட்டையையே தெருரயிலிலும் தட்டுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் இரண்டாவது ஏற்றத்துக்குக் காசு எடுக்காது. ரூஜ் ஹில்லுக்கும் கில்ட்வுட்டுக்கும் நடுவில் தண்டவாளம் ஏரிக்கரையை ஒட்டி ஓடுகிறது. அன்று நல்ல புகார், ஏரியில் இருந்து எழும் பனிமூட்டம். கரையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. யன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும். ரயில் தண்ணீரின் மேல் போகிறதென்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. வயலின் பெட்டி அக்காவின் மடியில். அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கடை குயீன் தெருவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடி. கீழே மணியடித்துவிட்டு மரப்படியில் ஏற வேண்டும். நேரம் வாங்காமல் போனால் கதவு திறக்காது. வாயால் கருத்துச் சொல்ல நூற்றைம்பது டொலர், எழுத்தில் சான்றிதழ் வேண்டுமென்றால் அது தனிக்கணக்கு. கடைக்காரர் பெயர் கிரெகரி. அறுபது வயது, சாம்பல் நிற ஏப்ரன், மெதுவான பேச்சு. சுவர் முழுக்க வயலின்கள் தொங்கின. கீழே தெருரயில் போகும்போதெல்லாம் அவை எல்லாம் சேர்ந்து, கேட்டும் கேட்காமலும் ஒரு முனகல் விட்டன. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உதுகள் தாங்களாக் கதைக்குதோ?" என்று இரகசியமாகக் கேட்டார்.

கிரெகரி வயலினை யன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளைகள் வெட்டிய விதத்தை ஒரு கண்ணாடியால் பார்த்தார். ஓரங்களை விரலால் தடவினார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார், "பட்டறை வேலை இல்லை இது. உடம்பு மொர்வாலின் சொந்தக் கை. எனக்குச் சந்தேகம் இல்லை."

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

கிரெகரி தயங்கினார். "இன்னும் உள்ளே பார்க்க வேண்டும், இருட்டிலும் பார்க்க வேண்டும். எல்லாம் அவருடையதாக, பழுதில்லாமல் இருந்தால், அறுபத்தைந்தாயிரம் போட்டு இந்தச் சுவரில் தொங்கவிடுவேன். ஆனால் பார்க்கும்வரை அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வாருங்கள்."

நம்பாதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? படியிறங்கும்போதே இருவரும் நம்பிவிட்டோம்.

ஏரிப்பக்கம் நடந்தோம். அரை மணித்தியால நடை. துறைமுகத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, அக்கா கொண்டு வந்த ரோல்சைச் சாப்பிட்டோம், சூட்டுப் போத்தலில் தேநீர். முன்னால் தீவு இருக்க வேண்டும், புகாரில் தெரியவில்லை. எங்கோ ஒரு படகு ஊதியது. அது கிட்டத்தில் ஊதுகிறதா தூரத்தில் ஊதுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"அறுபத்தைஞ்சு எண்டால் என்ன தெரியுமோ ரீச்சர்? நாலு வருசத்துச் சனி ஞாயிறு" என்றார் அக்கா. "சனி ஞாயிறு வேலையில வாறது அவ்வளவுதான். வந்த நாளில இருந்து எனக்குச் சனிக்கிழமை எண்டு ஒண்டு இருந்ததில்லை."

"சனிக்கிழமையில என்ன செய்வியள்?"

அவர் யோசித்தார். நான் நினைத்தேன், எங்காவது பயணம் போவேன் என்பார், கோவிலுக்குப் போவேன் என்பார்.

"ஒண்டும் செய்யமாட்டன். வெளிச்சம் வந்தாப்பிறகு எழும்புவன். யன்னல் சீலையை விலத்திப்போட்டுத் திரும்பப் படுப்பன். அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தால் குடிப்பன். கொண்டுவராட்டிலும் கோவிக்கமாட்டன். பத்து மணிக்கு ஆரும் போன் எடுத்தால், என்ன செய்யிறாய் வதனி எண்டு கேட்டால், சும்மா இருக்கிறன் எண்டு சொல்லுவன். அந்தச் சொல்லை நான் சொல்லிக் கனகாலம்."

அவர் சொல்லச் சொல்ல நானும் அந்த அறையில் இருந்தேன். யன்னல் சீலை விலகுவதைப் பார்த்தேன். என்னுடைய கனவு வேறு. அந்த வயலினை வாங்கப்போகும் யாரோ ஒருவர் அதை முதல்முறை சுருதி சேர்க்கும் சத்தத்தை மனதுக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த யாரோ நான் இல்லை என்பதில் எனக்குக் கவலை இருக்கவில்லை. புகாருக்குள் எல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.

திரும்பிப் போனபோது கிரெகரி எங்களை ஒரு சிறிய அறைக்குள் கூட்டிப் போனார். யன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஊதா நிற விளக்கு ஒன்றைப் போட்டார். பழைய மெருகு அந்த வெளிச்சத்தில் ஒளிவிடும். புது மெருகு விடாது.

வயலின் இருட்டில் எரிந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உடம்பு முழுவதும் பால்விட்ட பொன்னிறத்தில், மிதந்துகொண்டு நிற்பதுபோல. அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு என் கண் கழுத்தின் வழியே மேலே போனது. மேலே சுருள் வடிவில் செதுக்கிய தலை இருக்கும், வயலினில் எல்லாரும் அறிந்த இடம் அதுதான். அந்தத் தலை ஒளிவிடவில்லை. மங்கலாக, செத்த ஊதாவாக நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அக்காவுக்கு விளங்கவில்லை. "மேல மட்டும் ஏன் இருட்டாக் கிடக்கு?" என்று கேட்டார்.

கிரெகரி விளக்கைப் போட்டார். உட்காரச் சொன்னார். தலை மொர்வாலின் கை அல்ல, பழையது உடைந்தோ தொலைந்தோ போக, பிற்காலத்தில் யாரோ செய்து பொருத்தியது. கழுத்தை மாற்றுவது பழைய வயலின்களில் வழக்கம், அதற்கு விலை குறையாது. தலையை மாற்றினால் குறையும். இன்னொன்று. உள்ளே சிறு கண்ணாடி விட்டுப் பார்த்திருக்கிறார். பின்பலகையில், அந்தத் தூண் நிற்கும் இடத்தில், ஒரு வெடிப்பு. நன்றாக ஒட்டி, மேலே மரத்துண்டு வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தடை இல்லை. ஆனால் சந்தை அந்த வெடிப்பை மன்னிக்காது.

"சத்தம் நல்லா இருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"சத்தத்துக்கு விலை இல்லை" என்றார் அவர். "ஒருவருக்குப் பிடித்த சத்தம் இன்னொருவருக்குப் பிடிக்காது. யார் செய்தது, எவ்வளவு முழுதாக இருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம். விலை இந்த மூன்றிலும்தான்."

இருபத்திரண்டாயிரம் போட்டுத் தன் கடையில் விற்பனைக்கு வைக்கலாம், விற்றால் ஐந்தில் ஒரு பங்கு தனக்கு, ஆறு மாதமும் ஆகலாம் இரண்டு வருடமும் ஆகலாம். இன்றைக்கே காசு வேண்டுமென்றால் பதினாலாயிரம் தருவேன். இதைச் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு வருடம் ஒரு வருடமாகிவிட்டது. அதே நேரம், இதை எழுதத்தான் வேண்டும், எனக்குள் ஒன்று எழுந்து நின்றது. என்னிடம் பதினைந்தாயிரம் இருந்தது. இன்னும் மூன்றாயிரம் புரட்டலாம். அறுபத்தைந்து என்றபோது வானத்தில் இருந்த வயலின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அவரை வீழ்த்திய அதே வாக்கியம் என்னைத் தூக்கியது.

அக்கா தமிழில் கேட்டார். "ரீச்சர், என்ன செய்ய? உங்களை நம்பித்தானே வந்தனான். பதினாலுக்குக் குடுத்திட்டு வரட்டோ?"

கீழே தெருரயில் போனது. சுவரில் எல்லாம் முனகி அடங்கியது.

"அக்கா, இதை நான் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"இந்த விலை எண்டால் எனக்கும் இது வேணும். நான் குடுங்கோ எண்டு சொன்னாலும் பிழை, குடுக்காதேங்கோ எண்டாலும் பிழை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த அறைக் கதவைப் பார்த்தார். திரும்பவும் என்னை.

"இந்தக் கடையைச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"போன் பண்ணி நேரம் எடுத்ததும் நீங்கள்."

"ஓம் அக்கா. ஆனால் அவரை இண்டைக்குத்தான் முதல் பாக்கிறன்."

அக்கா எழுந்தார். நூற்றைம்பது டொலரைத் தானே கட்டினார், நான் பையைத் திறந்தபோது கையால் மறித்தார். தூணை நிறுத்தித் தந்தி போட்டுத் தரட்டுமா என்று கிரெகரி கேட்டார். வேண்டாம் என்று பெட்டியை மூடினார்.

திரும்பும் ரயிலில் மூன்று இருக்கையில் உட்கார்ந்தோம். நடுவில் வயலின். புகார் கலைந்து, ஏரி சாம்பல் தகடாக விரிந்து கிடந்தது. முக்கால் மணித்தியாலம் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். கடையில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, இரண்டு மாதம் கழித்து வந்து பேரம் பேசி வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இந்த ரயிலில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோல்ஸ் தந்திருப்பார் என்றும் நினைத்தேன்.

என் திரும்பும் ரயில் சனி காலை. அதனால் அன்றிரவு அவர்கள் வீட்டில்தான். சாப்பாட்டு மேசையில் மனோகரன் அண்ணை மட்டும் காலநிலையைப் பற்றிப் பேசினார். எழும்பும்போது நான் சொன்னேன், "அக்கா, வேற ஒருத்தரிட்டயும் காட்டுங்கோ. நான் வரமாட்டன். ஆரிட்ட எண்டும் சொல்லமாட்டன், நீங்களே தேடிப் பிடியுங்கோ. அவர் என்ன சொன்னவர் எண்டு எனக்குச் சொல்லவும் வேண்டாம்."

"பாப்பம்" என்றார்.

விடிய முன்னம் கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் புறப்பட்டது. சனிக்கிழமை அல்லவா, அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் இறங்கி வந்தபோது மேசையில் எனக்காக ஒரு சாப்பாட்டுப் பொதி இருந்தது. சொல்லாமல் போனவர் புட்டும் சம்பலும் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். கிங்ஸ்ரன் தாண்டும்வரை அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன்பிறகு ஆறேழு வாரம் ஒரு செய்தியும் இல்லை. பிள்ளைகள் வகுப்பில் வாசிக்கும்போது எனக்கு வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருபோதும் கேட்டிராத வயலினின் சத்தம். அது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றிக் கற்பனை செய்தேன். ஒருநாள் அது தடித்த குரல், ஒருநாள் புகை. மறக்கப் பார்க்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை தொலைபேசி அடித்தது.

"மாலினி, வதனி கதைக்கிறன்." ரீச்சர் என்று சொல்லவில்லை. "வேற ஒரு ஆளிட்டக் காட்டினனான். கூகிளில பாத்து, அந்தப் பக்கம் ஒருத்தரையும் தெரியாத ஆளாப் பாத்துப் போனனான்."

"சரி அக்கா."

"அதே தலை. அதே வெடிப்பு. இருபதுதான் எண்டார், கையில பன்னிரண்டு தருவாராம். உங்கட ஆள் ரண்டாயிரம் கூடத்தான் சொல்லியிருக்கிறார்." பிறகு சொன்னார், "அண்டைக்கு நான் ஒண்டும் கதையாமல் வந்தது உங்களில கோவமில்லை. கோவம்தான், ஆனால் உங்களில இல்லை. நீங்கள் பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரியவே வந்திராது. அதை யோசிக்கப் பிறகு கனநாள் எடுத்தது."

பதினெட்டாயிரத்துக்கு நான் வாங்குகிறேன் என்றேன். கடைக்காரர் கையில் தருவதைவிடக் கூட, கடையில் தொங்கும் விலையைவிடக் குறைவு. என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான் என்றும் சொன்னேன். "சரி. கடையில குடுத்துத் தூண், தந்தி எல்லாம் போட்டு வைக்கிறன். அடுத்த சனிக்கிழமை வாங்கோ" என்றார்.

"சனிக்கிழமை உங்களுக்கு வேலையெல்லோ?"

"இந்தக் கிழமையோட விடுறன். நாலு வருசம் எண்டு நினைச்சன், ஒரு வருசம்தான் கிடைச்சிருக்கு. காணும் எண்டு சொல்லேல்லை. ஆனால் கிடைச்சிருக்கு."

அந்தச் சனிக்கிழமை, முதல்நாளே வந்து கணேஸ் அண்ணை வீட்டில் தங்கிவிட்டு, பத்து மணிக்கு ரூஜில் மணியடித்தேன். நல்ல பனி. வதனி அக்கா நைற்றியோடு, தலை வாராமல், கன்னத்தில் தலையணை மடிப்போடு கதவைத் திறந்தார். "இப்பதான் எழும்பினனான்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

வரவேற்பறையில் நிலத்தில் உட்கார்ந்தேன். மேலைநாட்டார் வயலினைத் தோளில் வைத்து நாடியால் பிடிப்பார்கள். நாங்கள் நிலத்தில் அமர்ந்து அதன் தலையை வலக்காலில் ஊன்றுவோம். மொர்வாலின் கைவேலையைக் காலில் வைக்கிறோமே என்ற கூச்சம் எனக்கு வரவில்லை. என் காலில் பட்டது யாரோ பெயர் தெரியாத ஒருவர் செய்த தலை. அவருக்கும் மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன்.

சுருதி சேர்த்து, கீழ்த்தந்தியில் ஒருமுறை வில்லை இழுத்தேன். நான் கற்பனை செய்த எந்தச் சத்தமும் அது இல்லை. என் நெஞ்சுக்குள் தொடங்கி, நிலத்தில் இறங்கி, எதிரே நாற்காலியில் இருந்த அக்காவின் காலுக்கடியில் போய் முடிந்ததுபோல இருந்தது. சஹானா ராகம் வாசித்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. வெளியே யாரோ பனி வழித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றுவிட்டது. முடித்து நிமிர்ந்தபோது அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசம் அந்த மனிசியின்ர மடியில கிடந்தது. இப்பிடி ஒரு சத்தம் உள்ளுக்க இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "காசைத் தந்திட்டுக் கெதியாக் கொண்டுபோங்கோ மாலினி. இன்னும் ஒண்டு வாசிச்சியள் எண்டால் நான் தரமாட்டன்."

வங்கிக் காசோலையைக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்தோம். இன்னும் ஒன்று வாசிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பெயரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், நல்லதோ கெட்டதோ. தந்தி அறுந்து தூண் விழுந்த வயலினை நீங்களே முறுக்காதீர்கள், அப்படியே கொண்டுபோங்கள். முதலில் வாய்க்கருத்து மட்டும் கேளுங்கள், சான்றிதழ் பிறகு. விலை சொல்பவரே வாங்கவும் முன்வந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள், அவர் நல்லவராக இருந்தாலும். ரயிலில் மேல்தட்டில் வைக்க வேண்டாம், சூட்டுக்காற்று அங்கேதான் வரும். மடியில் வைத்திருங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் உடனே பெட்டியைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். நான் இரண்டு மணித்தியாலம் பொறுத்தேன், கணவர் சாட்சி.

யாராவது தங்கள் பொருளை விலை பார்க்க உங்களைத் துணைக்குக் கூப்பிட்டால் போங்கள், மறுக்காதீர்கள். உங்களுக்கும் அது வேண்டுமென்றால் புறப்பட முன்பே சொல்லிவிடுங்கள். முன்பே தெரியாவிட்டால், தெரிந்த நிமிடத்தில் சொல்லுங்கள். சொன்னபிறகு, வீடு திரும்பும்வரை ஒருவரும் பேசாத ரயிலில் வரவேண்டியிருக்கும், பரவாயில்லை. யூனியனில் ஏறினால் வலப்பக்கம் உட்காருங்கள், கில்ட்வுட் தாண்டியதும் ஏரி தெரியும்.